கத்தி பிடிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி?

மருத்துவம் படித்தவன் என்பதால், நீட் ரேங்க் பட்டியல் வந்த மறுநாளிலிருந்து எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் தூரத்துச் சொந்தம். ஏதோ ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது நம்பர் வாங்கிக்கொண்டவர்கள். "பையன் நியூரோ சர்ஜன்தான் ஆவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான் தம்பி. மெட்ராஸ் எம்.எம்.சி. கிடைச்சிரும்போல இருக்கு. பாண்டிச்சேரி ஜிப்மரும் வரும்ங்கிறாங்க. எதை மொதல்ல போடறது?"

கேள்விக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. நல்ல காலேஜில் நுழைந்துவிட்டால் நல்ல பிரிவு தானாகக் கிடைக்கும் என்ற கணக்கு. இன்ஜினீயரிங் காலேஜ்களில் பெயரைப் பார்த்து கம்பெனிகள் வந்து ஆள் எடுப்பதைப் பார்த்துப் பழகியதால் வந்தது. மருத்துவத்தில் இந்தக் கணக்கு உதைக்கும்.

பையனுக்கு வயது 18. எம்.பி.பி.எஸ். 4½ ஆண்டு, ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி மருத்துவராக) 1 ஆண்டு, எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி 3 ஆண்டு, அதன்மேல் எம்.சிஎச். நியூரோ சர்ஜரி 3 ஆண்டு. ஒரு நாள்கூட நடுவில் வீணாகாமல் போனால் 11½ ஆண்டு. அப்படி வீணாகாமல் முடித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தப் பாதையில் அவன் இன்னும் இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும். எம்.எஸ்.ஸுக்கு நீட் பி.ஜி., எம்.சிஎச்.சுக்கு நீட் எஸ்.எஸ். இரண்டு வாசலிலும் நிற்கும் காவல்காரர் ஒரு கம்ப்யூட்டர். நீட் பி.ஜி.யில் 200 கேள்வி, 3½ மணி நேரம், சரிக்கு 4 மார்க், தப்புக்கு 1 கழிவு. எம்.பி.பி.எஸ்.ஸில் படித்த 19 பாடமும் அதில் வரும். உன் காலேஜ் 1835இல் ஆரம்பித்ததா போன வருஷம் ஆரம்பித்ததா என்று அது கேட்காது. உனக்குத் தையல் போடத் தெரியுமா என்றும் கேட்காது. சர்ஜரிக்கு ஆள் எடுக்கும் பரீட்சையில் கைக்கு மார்க் கிடையாது என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் இதை மாற்ற ஒரு வழி சொல்லியிருந்தார்கள். நெக்ஸ்ட் என்ற ஒரே தேர்வு எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வாகவும் பி.ஜி. நுழைவாகவும் இருக்கும் என்றார்கள். 2023இல் அதற்கான விதிமுறை வெளியாகி, அடுத்த மாதமே ஒத்திவைக்கப்பட்டது. அது வந்தாலும் எல்லாருக்கும் ஒரே தேர்வு என்ற அடிப்படை மாறப்போவதில்லை.

பிள்ளைகள் நெட்டில் படிக்கும் அறிவுரைகளில் பாதி அமெரிக்கச் சரக்கு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அங்கே கதையே வேறு. நியூரோ சர்ஜரி, ஆர்த்தோ, இ.என்.டி., பிளாஸ்டிக் சர்ஜரி எல்லாவற்றுக்கும் மெடிக்கல் ஸ்கூல் முடித்த கையோடு நேரடியாகப் போகலாம். ஆனால் மருத்துவமனைக்காரர்கள் நேர்காணல் வைத்து, பேராசிரியர் கடிதம் பார்த்து, ஆராய்ச்சிக் கட்டுரை எண்ணி, தங்களுக்குப் பிடித்த வரிசையில் பெயர் எழுதித் தருவார்கள். மார்ச் மாதத்தில் ஒரு நாள் யாருக்கு எங்கே என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரியவரும். சொந்தக் கல்லூரியில் அந்தத் துறை இருக்கிறதா, அதன் தலைவர் உன்னைத் தெரிந்தவரா என்பதெல்லாம் அங்கே தலையெழுத்தை மாற்றும். 2022 ஜனவரியில், அங்கே டாக்டர் உரிமத்துக்கான முதல் கட்டத் தேர்வான ஸ்டெப் 1க்கு மார்க் போடுவதை நிறுத்தி, பாஸா ஃபெயிலா என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தபின் பெயருக்கும் பழக்கத்துக்கும் எடை இன்னும் கூடிவிட்டது என்று அங்குள்ள மாணவர்கள் புலம்புகிறார்கள். அந்த ஊர் மாணவருக்கு எந்த மெடிக்கல் ஸ்கூல் என்பது நியாயமான கவலை. அதே கவலையை நாம் கடன் வாங்கிக்கொள்ளத் தேவையில்லை.

இன்னொரு தப்புக் கணக்கு, எது போட்டி நிறைந்த பிரிவு என்பதில். நியூரோ சர்ஜரி, ஹார்ட் சர்ஜரி என்றால் முதல் 100 ரேங்க்காரர்கள் முண்டியடிப்பார்கள் என்று வெளியில் நினைக்கிறார்கள். நீட் பி.ஜி.யில் முதல் வரிசை ரேங்க்காரர்கள் எடுப்பது பெரும்பாலும் ரேடியாலஜி. அடுத்து ஜெனரல் மெடிசின், தோல் மருத்துவம். அறுவை சார்ந்த பிரிவுகளில் ஆர்த்தோவுக்கும் ஜெனரல் சர்ஜரிக்கும் நல்ல கிராக்கி உண்டு, ஆனால் ரேடியாலஜி அளவுக்கு இல்லை. மேலே எம்.சிஎச். மட்டத்தில் யூராலஜியும் (சிறுநீரகப் பாதை அறுவை) சர்ஜிக்கல் கேஸ்ட்ரோவும் (குடல், இரைப்பை அறுவை) பறந்துபோகும். இதய அறுவையிலும் குழந்தைகள் அறுவையிலும் கவுன்சலிங் முடிந்தபிறகும் இடங்கள் காலியாகக் கிடப்பது வாடிக்கை.

ஏன் என்று யோசித்தால் புரியும். ஸ்டென்ட் வந்தபிறகு பைபாஸுக்கு வரும் நோயாளிகளில் பெரும்பகுதி கார்டியாலஜிஸ்ட் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். மிச்சம் இருப்பதைச் செய்ய ஹார்ட்‑லங் மெஷின், அதை ஓட்ட ஆள், ஐ.சி.யூ., ரத்த வங்கி எல்லாம் வேண்டும். தனியாக போர்டு மாட்டி உட்கார முடியாது. குழந்தைகள் அறுவை நிபுணருக்கும் பெரிய ஊர்தான் கதி. ஆக, 'போட்டி' என்ற சொல்லில் கஷ்டம், வருமானம், தூக்கம் எல்லாம் கலந்து கிடக்கிறது. பிள்ளை ஆசைப்படுவது உண்மையிலேயே இதய அறுவை என்றால், அவனுக்கு ரேங்க்கைவிட அதிகம் தேவைப்படுவது சலிக்காத மனசு.

அப்படியானால் எங்கே படித்தாலும் ஒன்றுதானா? அதுவும் இல்லை. காலேஜ் கொடுப்பது வேறு ஒன்று. அது ஹவுஸ் சர்ஜன் வருஷத்தில்தான் தெரியும்.

பெரிய அரசு ஆஸ்பத்திரியில் ஒரு அட்மிஷன் டேயை நினைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொரு சர்ஜரி யூனிட்டுக்கும் அந்த முறை வரும். அன்று காலையிலிருந்து மறுநாள் காலை வரை வரும் அவசரக் கேஸ் எல்லாம் அந்த யூனிட் தலையில். சனிக்கிழமை ராத்திரி என்றால் பதினொரு மணிக்கு மேல் பைக் விபத்துகள். ஹெல்மெட் போடாத தலை, நெற்றியிலிருந்து உச்சி வரை கிழிந்து, சட்டை முழுக்க ரத்தம். பி.ஜி., அதாவது எம்.எஸ். படிக்கும் டாக்டர், உள்ளே ஒரு வயிற்றைத் திறந்து நின்றுகொண்டிருப்பார். "நீ போய் தைச்சிட்டு வாடா" என்பார். தலைத்தோல் காயம்தான் எங்களில் பலருக்கு முதல் தையல். ரத்தம் பயமுறுத்தும், ஆனால் அழுத்திப் பிடித்தால் அடங்கும், சீக்கிரம் ஆறும், தையல் கோணலாகப் போனாலும் முடி மூடிவிடும். நீடில் ஹோல்டரை எங்கே பிடிப்பது, ஊசியை எந்த வளைவில் திருப்புவது என்பதெல்லாம் அந்த ராத்திரி மூன்றாவது நோயாளிக்கு வரும்போது விரலில் ஏறியிருக்கும்.

முடிச்சு அதற்கு முன்னாலேயே பழகியிருக்க வேண்டும். தியேட்டரில் மிச்சமாகும் சில்க் நூலை கோட் பையில் போட்டுக்கொண்டு வந்து ஹாஸ்டல் கட்டில் கம்பியில் போட்டுப் பார்ப்போம். முதலில் இரண்டு கையால், அப்புறம் இடது கை மட்டும், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு. என் கட்டில் கம்பியில் வருஷக் கடைசியில் கறுப்புக் குஞ்சம் கட்டியது மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அறையைக் காலி செய்யும்போது வார்டன் அதைப் பார்த்துவிட்டு ஏதோ வேண்டுதல் என்று நினைத்தார்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். மறுபக்கமும் உண்டு. அதே ஹவுஸ் சர்ஜன் காலையில் ஆறு மணிக்கு நாற்பது பேருக்கு ரத்தம் எடுக்க வேண்டும். சாம்பிளை லேபில் கொடுக்க வேண்டும், ஸ்கேனுக்குத் தேதி வாங்க வேண்டும், ரத்த வங்கியில் போய் நிற்க வேண்டும், முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் காகிதம் நிரப்ப வேண்டும், டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டும். ட்ராலி தள்ள ஆள் இல்லையென்றால் ட்ராலியும் தள்ள வேண்டும். அறைக்கு வந்து விழுந்தால் நீட் பி.ஜி.க்குப் படிக்க மாரோவோ ப்ரெப்லேடரோ எந்த ஆப்பைத் திறந்தாலும் ஐந்தாவது நிமிஷம் போன் மூக்கில் விழும். அதே நேரத்தில் கூட்டம் குறைந்த ஒரு தனியார் காலேஜில் படிக்கும் அவனுடைய பள்ளித் தோழன் மதியம் இரண்டு மணிக்கு லைப்ரரியில் உட்கார்ந்து 19 பாடத்தையும் இரண்டாவது சுற்று முடித்துக்கொண்டிருப்பான். நீட் பி.ஜி.யில் அவன் மேலே வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சர்ஜன் ஆக ஆசைப்படுபவருக்கான சிக்கலே இதுதான். கையை வளர்க்கும் காலேஜ் ரேங்க்கைத் தின்னும். ரேங்க்குக்கு நேரம் கொடுக்கும் காலேஜ் கையைப் பட்டினி போடும். இரண்டையும் சமமாகத் தரும் இடம் என்று எதையும் என்னால் காட்ட முடியாது. பெரிய அரசுக் கல்லூரியில் படித்தவர்களில் பலர் ஹவுஸ் சர்ஜன் முடித்துவிட்டு ஒரு வருஷம் 'டிராப்' எடுத்து உட்கார்ந்து படிக்கிறார்கள். அந்த ஒரு வருஷத்தைக் கணக்கில் சேர்த்துக்கொண்டே சேர வேண்டும் என்பேன். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால் அப்புறம் "இன்னும் என்னடா படிப்பு" என்ற கேள்வி கொஞ்சம் மெதுவாக வரும்.

பெரிய கல்லூரி என்றாலே கை பழகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். எம்.எம்.சி. எனும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் ஸ்டான்லியிலும் மதுரையிலும் ஆண்டுக்கு 250 எம்.பி.பி.எஸ். இடம். அத்தனை பேரும் ஹவுஸ் சர்ஜனாகும்போது ஒரு யூனிட்டில் அவர்களுக்கு மேலே முதலாண்டு, இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு பி.ஜி.க்கள், அதற்கு மேலே உதவிப் பேராசிரியர்கள், எல்லாருக்கும் மேலே யூனிட் தலைவரான சீஃப். மேஜையைச் சுற்றி நிற்கவே இடம் இருக்காது. குடல்வால் ஆபரேஷனில் ஹவுஸ் சர்ஜனுக்குக் கிடைப்பது காயத்தை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரின் கைப்பிடியும் யாரோ ஒருவருடைய தோளும்தான்.

2022 ஜனவரி 12ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. விருதுநகர், நாமக்கல், திருப்பூர், அரியலூர், கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினம் என்று ஒவ்வொன்றும் பழைய மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மேல் எழுந்தது. கவுன்சலிங்கில் இவை பட்டியலின் அடியில் கிடக்கும். பெற்றோருக்கு அவற்றைச் சொல்லவே கூச்சம். ஆனால் யோசித்துப் பாருங்கள். மாவட்ட ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குப் பஞ்சம் கிடையாது. பி.ஜி.க்கள் இல்லாத அல்லது குறைவாக உள்ள துறையில், ஹெர்னியா ஆபரேஷனுக்கு சர்ஜனுக்கு எதிரே நிற்கும் முதல் உதவியாள் ஹவுஸ் சர்ஜன்தான். எதிரே நிற்பவருக்குத்தான் திசுக்களின் அடுக்கு தெரியும். தோள்மேலே எட்டிப் பார்ப்பவருக்கு சர்ஜனின் தொப்பி தெரியும். குறையும் சொல்ல வேண்டும். புது இடங்களில் எல்லாத் துறைக்கும் மூத்த ஆசிரியர்கள் இருப்பதில்லை, சிக்கலான கேஸ்கள் மேல் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டுவிடும். மூளைக் கட்டி ஆபரேஷனை அங்கே பார்க்க முடியாது.

அதைப் பார்ப்பது அவ்வளவு முக்கியமா? துறைகளின் புகழ் பற்றிய பேச்சு இங்கேதான் வரும். ராயபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டான்லியின் கை அறுவைச் சிகிச்சைத் துறைக்கு இந்தியா முழுக்கப் பெயர். அதைக் கட்டி எழுப்பியவர் ஆர்.வெங்கடசாமி. துறைமுகமும் தொழிற்சாலைகளும் வடசென்னையில் இருந்ததால் மெஷினில் நசுங்கிய கைகள் நேராக அங்கேதான் வந்து சேரும். கீழ்ப்பாக்கத்துக்குத் தீக்காயப் பிரிவு. எழும்பூரில் குழந்தைகள் மருத்துவமனை. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1950இல் நியூரோ சர்ஜரியைத் தொடங்கியவர் பி.ராமமூர்த்தி. அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1949இல், வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நியூரோ சர்ஜரி துறையை ஆரம்பித்தவர் ஜேக்கப் சாண்டி.

இந்த இரண்டு பேரும் படித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில். அவர்கள் எம்.பி.பி.எஸ். படித்த நாளில் அந்தக் கல்லூரியில் நியூரோ சர்ஜரி துறை என்ற ஒன்றே கிடையாது. துறை இருக்கும் காலேஜில்தான் அந்தத் துறைக்காரன் உருவாவான் என்றால் முதல் ஆள் எங்கிருந்து வந்திருப்பார்?

இருந்தாலும் கண்ணெதிரே பார்ப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு. "பொம்பளப் புள்ளைக்கு சர்ஜரி எதுக்கு, டெர்மா எடு" என்று சொல்லாத வீடு குறைவு. ராமமூர்த்தியின் துறையில் வேலை பார்த்த டி.எஸ்.கனகா 1968இல் நியூரோ சர்ஜரியில் பட்டம் வாங்கினார். ஆசியாவின் முதல் பெண் நியூரோ சர்ஜன் என்று அவரைச் சொல்வார்கள். அப்படி ஒருவர் காரிடாரில் நடந்துபோவதைப் பார்த்த மாணவிகளிடம் "முடியுமா" என்ற கேள்வியே எழுந்திருக்காது. சேரப்போகும் காலேஜின் சர்ஜரி யூனிட்களில் ஒன்றிலாவது பெண் சீஃப் இருக்கிறாரா என்று விசாரிப்பது வீண் வேலை இல்லை.

பெயரை நம்பி ஏமாறுவதற்கும் உதாரணம் தேட வேண்டியதில்லை. எய்ம்ஸ் என்றதும் டெல்லி ஞாபகம் வரும். மதுரை எய்ம்ஸின் முதல் அணி 2022இல் சேர்ந்தபோது அவர்களுக்கு வகுப்பு நடந்தது ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில். மதுரையில் அப்போது கட்டடம் எழும்பவில்லை. சான்றிதழில் எய்ம்ஸ், வார்டு வேறு ஆஸ்பத்திரியுடையது. அந்த மாணவர்கள் கெட்டிக்காரர்கள், நன்றாக வருவார்கள். ஆனால் சர்ஜன் ஆக ஆசைப்படுபவர் பெயர்ப்பலகையையும் கட்டிலின் எண்ணிக்கையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

தனியார், நிகர்நிலை கல்லூரிகளுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். அவற்றில் சில உண்மையிலேயே நோயாளிகள் நிரம்பிய இடங்கள். சிலவற்றில் ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் வார்டு நிரம்பும் என்ற கதையைக் கேட்காத மருத்துவ மாணவர் கிடையாது. நேரில் போய்ப் பார்ப்பது ஒன்றே வழி. ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவோடு காரில் போய் தோட்டத்தையும் ஏ.சி. லெக்சர் ஹாலையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு சர்ஜரி ஓ.பி. வாசலில் அரைமணி நேரம் நில்லுங்கள். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே அன்றைய லிஸ்ட் ஒட்டியிருக்கும், எத்தனை வரி என்று எண்ணுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு காஷுவாலிட்டி பக்கம் ஒரு நடை போங்கள். டீக்கடையில் ஹவுஸ் சர்ஜன் யாராவது நிற்பார்கள். "நீங்க இதுவரைக்கும் எத்தனை தையல் போட்டிருப்பீங்க?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். கணக்கே இல்லை என்று சிரித்தால் ஒரு அர்த்தம், யோசித்தால் ஒரு அர்த்தம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கணக்கு எளிது. அரசுக் கல்லூரியில் வருஷக் கட்டணம் ஆயிரங்களில் முடியும். நிகர்நிலையில் பல இடங்களில் வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டும். வீட்டை அடமானம் வைத்து எம்.பி.பி.எஸ். முடித்தவன் 24 வயதில் வட்டி கட்ட ட்யூட்டி டாக்டர் வேலைக்குப் போகிறான். சர்ஜரி பாதையோ இன்னும் ஆறு வருஷம் உதவித்தொகையில் ஓட வேண்டியது. கடன் இருக்கும் கை சீக்கிரம் சம்பாதிக்கும் பிரிவைத்தான் தேடும். ஆசைப்பட்ட சர்ஜரியை விட்டவர்களில் மார்க்கால் விட்டவர்களைவிட வட்டியால் விட்டவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கேயே இருக்க நினைப்பவருக்கு இன்னொரு வாசல் உண்டு, வெளியில் பலருக்குத் தெரிவதில்லை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி அரசுப் பணியில் சேர்ந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் குறைந்தது 2 ஆண்டு வேலை பார்த்தால், பி.ஜி.யில் பணியில் உள்ளவர்களுக்கான ஒதுக்கீட்டில் போட்டியிடலாம். இப்படி ஒதுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்ட் 31இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு பி.ஜி. இடங்களில் பாதி அவர்களுக்கு. அரசுக் கல்லூரிகளின் எம்.சிஎச். போன்ற சூப்பர் ஸ்பெஷாலிட்டி இடங்களிலும் பாதி அவர்களுக்கு. போட்டியிடுபவர்களின் கூட்டம் சின்னது, படிக்கும்போது சம்பளமும் வரும். சுகாதார நிலையத்தில் சேருபவருக்கு அரசு வைத்திருக்கும் பதவிப் பெயர் 'உதவி அறுவை மருத்துவர்'. அவர் அங்கே கத்தி எடுப்பது கட்டியைக் கீறிவிடத்தான். சளிக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எழுதி எழுதிக் கழித்த இரண்டு வருஷத்துக்குப் பிறகு நிஜமான சர்ஜரிக்குப் போனவர்கள் என் யூனிட்டிலேயே இருந்தார்கள். எங்களைவிட வயதில் மூத்தவர்கள், நோயாளியிடம் பேசத் தெரிந்தவர்கள். அவர்கள் எந்தக் காலேஜில் எம்.பி.பி.எஸ். படித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வெளிமாநிலத்தில் பெரிய பெயர் கிடைக்கிறது, போகலாமா என்று கேட்பவர்கள் 2025 ஜனவரி 29இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் கவனிக்க வேண்டும். சண்டிகர் அரசு மருத்துவக் கல்லூரி தொடர்பான வழக்கு அது. இருப்பிடத்தை மட்டும் வைத்து பி.ஜி. மருத்துவ இடங்களை ஒதுக்குவது அரசமைப்புக்கு முரண், படித்த நிறுவனத்தை வைத்து நியாயமான அளவு முன்னுரிமை தரலாம் என்றது நீதிமன்றம். பூர்வீகச் சான்றின் பலம் குறைந்து, எம்.பி.பி.எஸ். எங்கே படித்தாய் என்பதன் பலம் கூடுகிறது. பெயருக்காக ஊரைத் தாண்டுவதற்கு முன் இதை இரண்டு முறை யோசிக்கலாம்.

ஜிப்மர், எய்ம்ஸ் கிடைத்தால் அது தனி. அங்கெல்லாம் பி.ஜி.க்கு வருஷம் இரண்டு முறை நடக்கும் ஐ.என்.ஐ. செட் தேர்வு. அதற்கு யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்றாலும், அந்தக் கேள்விகளைத் தயாரிக்கும் சூழலிலேயே ஐந்து வருஷம் மூச்சுவிட்டவருக்கு ஒரு கை கூடுதல். எம்.பி.பி.எஸ். முடித்ததும் நேரடியாக 6 ஆண்டு எம்.சிஎச். நியூரோ சர்ஜரிக்குப் போகும் வழியும் அந்தத் தேர்வில்தான் இருக்கிறது. நீட் பி.ஜி. வழியாக தேசியத் தேர்வு வாரியத்தின் 6 ஆண்டு நேரடிப் படிப்பிலும் நியூரோ, பிளாஸ்டிக், இதய, குழந்தைகள் அறுவைக்குப் போகலாம். நியூரோதான் என்று 18 வயதில் நிற்கும் பையன் 23 வயதிலும் நின்றால் இந்தப் பாதை அவனுக்கு. பாதியில் மனசு மாறினால் கையில் எம்.எஸ். பட்டம் இருக்காது என்பதையும் சொல்லித்தான் அனுப்ப வேண்டும்.

வேலூர் சி.எம்.சி. இன்னொரு தனி. அங்கே எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் 2 ஆண்டு மிஷன் மருத்துவமனைகளில் வேலை செய்ய வேண்டும். பெற்றோர் இதைத் தண்டனை மாதிரி பார்க்கிறார்கள். எங்கோ ஒரு சின்ன ஊரில், ஒரு மூத்த சர்ஜனும் நான்கு நர்ஸுகளும் இருக்கும் ஆஸ்பத்திரியில் சிசேரியனுக்கும் குடல்வாலுக்கும் எதிர்ப்பக்கம் நின்று, ஆறு மாதத்தில் பெரியவர் பக்கத்தில் நிற்க இவர் கத்தி எடுக்கும் இடம் அது. சர்ஜரிக்கு இதைவிட நல்ல தண்டனை எனக்குத் தெரியாது.

போனில் கேட்கும் அந்த அப்பாவுக்கு நான் சொல்லும் பதில் இவ்வளவு நீளமாக இருக்காது. ஜிப்மரும் எம்.எம்.சி.யும் இருந்தால் சீட்டுக் குலுக்கிப் போட்டாலும் தப்பில்லை. சென்னையில் வீடு இருந்தால் எம்.எம்.சி. அரசுக் கல்லூரி எதுவாக இருந்தாலும் கடன் வாங்கும் நிகர்நிலைக்கு மேலே போடுங்கள். பக்கத்து மாவட்டப் புதுக் கல்லூரியைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். பெயருக்காக அடித்துக்கொள்வதை எம்.எஸ்.ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் சர்ஜனை உருவாக்குவது அந்த மூன்று வருஷம். எம்.எஸ். எங்கே செய்தாய் என்பது கடைசிவரை கையில் தெரியும்.

அங்கேயும் பெயர் மட்டும் போதாது. சில பெரிய இடங்களில் சிக்கலான ஆபரேஷன் எல்லாம் நடக்கும், பி.ஜி. மூன்று வருஷமும் வேடிக்கை பார்ப்பார். சில சாதாரண இடங்களில் இரண்டாமாண்டிலேயே ஹெர்னியாவைத் தனியாக முடிப்பார். எம்.எஸ். படிக்கும் ஒவ்வொருவரிடமும் லாக்புக் என்று ஒரு நோட்டு இருக்கும். பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது, தானே செய்தது என்று ஒவ்வொரு ஆபரேஷனும் அதில் ஏற வேண்டும். சேரப்போகும் யூனிட்டில் மூன்றாமாண்டு பி.ஜி. ஒருவரைப் பிடித்து அந்த நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். 'தானே செய்தது' என்ற கடைசிப் பத்தியில் எத்தனை பதிவு இருக்கிறது என்று பாருங்கள். காட்டத் தயங்கினால், கேன்டீனில் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த யூனிட்டுக்குப் போய்க் கேளுங்கள்.